பதினைந்து இஞ்ச் பக்தி

ஜெயசீலியைக் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுக்க தனசிங்குக்கு ஒரு கப் டீ போதுமானதாக இருந்தது. அந்த முடிவையும் எடுத்தது அவருடைய அம்மா. ஆனால் அடித்தொனியை அதிரவைக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபருக்கு டிரைவர் தேர்ந்தெடுக்க மட்டும் மாதக்கணக்கில் யோசித்தார். இந்த விஷயத்தில் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று சபதமே எடுத்திருந்தார்.

டிரைவர் என்றால் வண்டி ஓட்டுபவர் இல்லை. தனசிங்கிடம் இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டர். அதற்கு அவரே அதிகம். ஸ்பீக்கரில் கூம்பும் காந்தமும் சேர்ந்த சமாச்சாரத்துக்குத்தான் டிரைவர் என்று பெயர். அதை ஓட்டையே இல்லாத பெட்டியில் பொருத்தி, சேலையூர் மாடி வீட்டு ஹாலில் வைத்து, சினிமாவில் ஹெலிகாப்டர் பறந்தால் தன் நெஞ்சுக்கூடு அதிர வேண்டும். இன்ஷூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்தே தேய்ந்துபோன மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை அது.

அடைத்த பெட்டிக்கு எல்லா டிரைவரும் சரிப்படாது. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று கூம்பைத் திருப்பித் தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கு அனுசரித்து வேலை பார்க்கிற டிரைவராக இருக்க வேண்டும். அனுசரித்துப் போவது பற்றி தனசிங்குக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எட்டு இஞ்ச் விளையாட்டுச் சாமான், பத்து பரவாயில்லை, பன்னிரண்டு சொர்க்கம் என்பது அவர் தீர்ப்பு. அனுமதி தர வேண்டியவள் ஜெயசீலி. அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். "எதுக்கு?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாத எந்தப் பொருளும் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. தனசிங் பதிலைத் தயாரித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் ஹாலில்தான் ஜெபக்கூட்டம், பாட்டு நடத்துவது ஜெயசீலி. இதைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்?

"சீலி, நம்ம ஜெபக்கூட்டத்துல பாட்டு எடுப்பாவே இல்ல. பேஸ் பத்தல. நானே ஒரு சப்வூஃபர் செஞ்சு வைக்கலாம்னு பாக்கறேன்."

"யாருக்கு?"

"ஆண்டவருக்குத்தான்."

ஜெயசீலி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "சினிமா பாக்க இல்லியே?"

"சேச்சே. அந்த நினைப்பே இல்ல."

"எத்தனை இஞ்ச்?"

"பத்து." பேரத்துக்கு இடம் வேண்டுமே என்று குறைத்தே சொன்னார்.

"ஆண்டவருக்குச் செய்யறதுல என்ன கஞ்சத்தனம்? அதுக்கு மேல இல்லியா?"

"பன்னெண்டு இருக்கு."

"அதுக்கும் மேல?"

"பதினஞ்சு இருக்கு. ஆனா பொட்டி பெருசா வரும்."

"வரட்டும். நூறு பேர் உட்கார்ற இடத்துக்குத் தாங்குமா?"

"இருநூறு பேருக்கே தாங்கும்." அவர்கள் ஹாலில் இருபது பேர் உட்கார்ந்தாலே நாலு பேர் சமையலறையில் இருப்பார்கள் என்பது அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை.

"சரி. ரெண்டு பக்கமும் நல்ல கைப்பிடியா போடுங்க. தூக்கத் தோதா இருக்கணும்."

இப்படிப்பட்டவளை இத்தனை வருஷமாகப் புரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டோமே என்று தனசிங்குக்குக் கண் கலங்கியது. வெங்காயமும் கொஞ்சம் உதவியது.

ரிச்சி தெருவில் டிரைவரை வாங்கி, மின்சார ரயிலில் குழந்தையைப் போல மடியில் வைத்துத் தாம்பரம் கொண்டுவந்தார். பிளைவுட் அறுத்தார், பசை பூசினார், உள்ளே பஞ்சு அடைத்தார். மூட்டுகளில் காற்று கசிகிறதா என்று புகை காட்டிப் பார்க்க, கீழ் வீட்டுப் பட்டாபிராமனிடம் ஊதுபத்தி கேட்டார். சர்ச்சுக்குப் போகிற மனுஷன் வந்து ஊதுபத்தி கேட்டதில் பட்டாபிராமன் உருகிப்போய், கூடவே கொஞ்சம் குங்குமமும் மடித்துக் கொடுத்தார். பெட்டியில் ஒரு இடத்திலும் கசிவு இல்லை.

வெள்ளிக்கிழமை பேருக்கு நாலு பாட்டு, சனிக்கிழமை மத்தியானம் ஹெலிகாப்டர். இதுதான் திட்டம்.

அன்றைக்கு ஜெபக்கூட்டத்துக்கு பாஸ்டரே வந்திருந்தார். முதல் பாட்டுக்கே ஜன்னல் கதவுகள் தாளம் போட்டன. எல்லாரும் தனசிங்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் பாஸ்டர் எழுந்து நீளமாக ஜெபித்தார். கண்ணை மூடிக்கொண்ட தனசிங், நாளைக்கு எந்தப் படத்தை முதலில் போடுவது என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். "அன்புச் சகோதரர்... தம் கையால்... மனப்பூர்வமாய்..." என்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. நம்மைப் பற்றி நல்லதாகத்தான் சொல்கிறார் என்று விட்டுவிட்டார். ஜெபம் முடிந்தது. எல்லாரும் "ஆமென்" என்றார்கள். பழக்கதோஷம், எல்லாரையும்விட உரக்கச் சொன்னவர் தனசிங்.

கண்ணைத் திறந்தால், சபை வாலிபர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க கொண்டு போறாங்க?"

"சர்ச்சுக்குத்தான் பிரதர். வண்டி கீழ நிக்குது." பாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆலயத்துல பேஸ் ஸ்பீக்கர் கிழிஞ்சு ரொம்ப நாளாச்சு. நீங்க செஞ்சு குடுக்கறீங்கன்னு சிஸ்டர் சொன்னப்போ நான் நம்பல. ஆனா 'ஆண்டவரே, இத ஆலயத்துக்காக ஏத்துக்கொள்ளும்'னு நான் ஜெபிச்சதுக்கு நீங்க சொன்ன ஆமென் இருக்கே, அந்த மாதிரி ஆமென் நான் கேட்டதே இல்ல."

தனசிங் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

எல்லாரும் போனபிறகு காலி மூலையைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஜெயசீலி பக்கம் திரும்பினார்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"பாஸ்டர் அவ்வளவு விவரமா சொன்னாரே. கண்ணை மூடிட்டு நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அதற்கு உண்மையையும் சொல்ல முடியாது, பொய்யும் கைவசம் இல்லை. கடைசியாக ஒரு கல் எறிந்து பார்த்தார்.

"போகட்டும். வீட்டுக்குன்னு இன்னொண்ணு செஞ்சுக்கட்டுமா? சின்னதா, எட்டு இஞ்ச் போதும்."

ஜெயசீலி டீ கப்புகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "தாராளமா செய்ங்க. கோவிலம்பாக்கம் சபையிலயும் ஒண்ணு கேட்டுட்டிருக்காங்க."