சேவல் கூவாத விமான நிலையம்

ஒரு காட்டில் விமான நிலையம் ஒன்று இருந்தது. காட்டில் அதெல்லாம் இருக்குமா என்று கேட்காதீர்கள். நரி இருக்கிற இடத்தில் டிக்கெட் கவுண்டரும் இருக்கும்.

விமானம் என்றால் கூழைக்கடாதான். இறக்கை இல்லாதவர்களை அலகுப் பையில் உட்கார வைத்து, மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடும். தினமும் விடிந்ததும் புறப்படும் என்று பலகையில் எழுதியிருந்தது. பக்கத்திலேயே சிங்கராஜாவின் ஆணையும் தொங்கியது. விடிந்து நான்கு நாழிகைக்குள் கிளம்பாவிட்டால் பயணிக்கு வேறு பறவை, வேளைக்குச் சாப்பாடு, போதாதென்றால் நஷ்டஈடு.

பாசியம்மாள் என்று ஓர் ஆமை. மலைக்கு அந்தப் பக்கத்து ஆற்று மணலில் பத்து முட்டை இட்டு மூடிவிட்டு வந்திருந்தாள். ஆமைக் குலத்தில் அதுதான் வழக்கம். இடுவது, மூடுவது, வந்துவிடுவது. பிள்ளை முகம் பார்த்த தாய் அந்தக் குலத்திலேயே கிடையாது. பாசியம்மாளுக்கு மட்டும் போன வாரம் திடீரென்று பார்க்க வேண்டும் போலிருந்தது. நாள் எண்ணிப் பார்த்தாள். வருகிற வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் பொரிக்கும். நடந்தால் ஒரு மாதம். டிக்கெட் எடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சூரியன் வந்தது. கூழைக்கடா வரவில்லை.

வரிசையில் அவளுக்குப் பின்னால் முள்ளம்பன்றி. மாமியார் வீட்டுக்குப் போகிறவன், அதனால் அவனுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆணையை நின்று முழுசாகப் படித்தவன் அவன் ஒருவன்தான்.

"நாலு நாழிகை தாண்டியாச்சு அக்கா. வா, கேப்போம்."

கேட்டார்கள். கவுண்டரில் இருந்த நரி மரியாதையாகச் சொன்னது, "இன்னும் விடியவே இல்லையே."

முள்ளம்பன்றி வானத்தைக் காட்டினான். நரி விதிப்புத்தகத்தைக் காட்டியது. சேவல் கூவினால்தான் விடியல், சூரியனைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. சேவலோ கூரைமேல் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அலகை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்தது.

பாசியம்மாள் கூரைக்குக் கீழே போய் நின்றாள். "ஒரே ஒரு தடவை கூவிடேன் ராசா. பிள்ளைங்க வெளிய வந்துடும்."

"கூவ எனக்கும் ஆசைதான் அக்கா. தொண்டை வரைக்கும் வந்து நிக்குது. நரி சாரு தலையாட்டணுமே. போன மாசம் என்னையறியாம கூவிட்டேன். மறுநாளே ஒரு குழம்புச் சட்டிய கொண்டுவந்து எம்முன்னாடி கழுவினாரு."

உச்சிப்பொழுது ஆயிற்று. இந்நேரம் முட்டை ஓடு உடைந்திருக்கும் என்று பாசியம்மாள் கவுண்டரில் போய் அழுதாள். நரி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தது. விடியாத நாளில் உச்சிப்பொழுது எப்படி வரும், நிம்மதியாக உட்காருங்கள் என்றது.

சூரியன் மேற்கே இறங்குகிற நேரத்தில் கூழைக்கடா மீன் நாற்றத்தோடு வந்து சேர்ந்தது. நரி தலையாட்டியது. சேவல் கூவியது. கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காக்கைகள் குழம்பிப்போய்த் திரும்பவும் வேலைக்குக் கிளம்பின.

"பயணிகளுக்குக் காலை வணக்கம். நமது விமானம் குறித்த நேரத்தில் புறப்படுகிறது," என்று நரி அறிவித்தது.

மலைக்கு அந்தப் பக்கம், ஆற்று மணலில் பத்து வெறும் ஓடுகள் கிடந்தன. சின்னச் சின்னக் கால் தடங்கள் தண்ணீர் வரைக்கும் போயிருந்தன. பாசியம்மாள் அந்த ஓடுகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள்.

புகாரைப் புறப்பட்ட இடத்தில்தான் கொடுக்க வேண்டுமாம். நடந்தே திரும்பினாள். நரி புகாரைப் பொறுமையாகப் படித்தது. விமானம் தாமதம் இல்லை, விடிவதற்கு முன்பே பொரித்தது பிள்ளைகளின் அவசரம், அதற்குக் கம்பெனி பொறுப்பாகாது என்று தீர்ப்பு எழுதியது. இருந்தாலும் மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, நரிக்குக் கூட. இன்னொரு பயணத்துக்கு இலவசக் கூப்பன் கொடுத்தது.

அடுத்த வருஷம் பாசியம்மாள் ஆற்றுக்குப் போகவில்லை. விமான நிலையத்துக்கு வந்து, வரிசை நிற்கிற மணலில் குழி தோண்டி, பத்து முட்டை இட்டு மூடினாள். நாள் எண்ணிக்கொண்டாள். கணக்குப்படி பொரிக்கிற அன்று கூப்பனை எடுத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் வரிசையில் நின்றாள்.

கூழைக்கடா வரவில்லை. உச்சிப்பொழுதில் மணல் அசைந்தது. ஒன்று, இரண்டு, பத்துத் தலைகள். பத்தும் முதலில் பார்த்தது அவள் முகத்தை. இந்த வருஷமும் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிப் பின்னால் நின்ற முள்ளம்பன்றி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான், கண்ணில் தூசியாம்.

நரி கவுண்டரைத் தாண்டி எட்டிப் பார்த்தது. விதிப்புத்தகத்தைப் புரட்டியது.

"தாமதத்தால் நீங்கள் லாபம் அடைந்திருக்கிறீர்கள் பாசியம்மா. நியாயப்படி நீங்கள்தான் எங்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும்."

பாசியம்மாள் கூரையைப் பார்த்தாள். சேவல் அலகை இறுக்கி மூடியிருந்தது.

"தாமதமா? இன்னும் விடியவே இல்லையே சார்," என்றாள். "விடியட்டும், தரேன்."

நீதி: போய்ச் சேரும் இடத்தை நம்பி முட்டை இடாதீர்கள், காத்திருக்கும் இடத்தில் இடுங்கள்.