கூப்பாட்டு அண்ணாச்சி விற்காத பெட்டி

கையில் பணத்தை வைத்துக்கொண்டு கெஞ்சினாலும் பொருளைக் கொடுக்காத கடைக்காரர் இந்தப் பூவுலகில் ஒரே ஒருவர்தான். அவரும் எங்கள் சங்கரன்கோவிலில்தான் வந்து வாய்க்க வேண்டுமா? டி.வி.யை இன்டர்நெட்டோடு இணைக்கிற சின்னப் பெட்டிகள் விற்கப்படும் என்று ராஜபாளையம் ரோட்டில் போர்டு மாட்டியிருக்கிறார். அந்த போர்டைப் போலப் பொய் பேசும் போர்டு தாலுகாவிலேயே கிடையாது.

போர்டில் அவருடைய சொந்தப் பெயரும் இருக்கிறது. யாரும் படித்ததில்லை. ஊருக்கு அவர் கூப்பாட்டு அண்ணாச்சி. அவர் கடையில் பேசினால் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், பெட்டிகளுக்கு அவர் வைத்திருக்கும் அளவுகோல். ராம், ஸ்டோரேஜ், ஃபோர் கே எல்லாம் அவருக்குத் தூசு. ஒரு பெட்டியை மாட்டிப் பார்க்க உட்கார்ந்தவர், "ஏட்டி, இங்கன வா, இது என்னமோ கேக்கு" என்று வீட்டில் இன்னொருவரை எத்தனை தடவை அழைக்கிறார்? அதுதான் கூப்பாடு. "இது மூணு கூப்பாட்டுப் பொட்டி. அது ஒம்பது, பக்கத்துலயே போயிராதிய" என்பார்.

கடையநல்லூர்க்காரர் ஒருவர் துபாயிலிருந்து லீவில் வரும்போது ஒரு பெட்டி கொண்டுவந்தார். உம்மா வீட்டு டி.வி.யில் மாட்டித்தர வேண்டுமாம்.

"ஆயிரம் சேனல் வரும் அண்ணாச்சி."

"உம்மா எத்தனை பாப்பாங்க?"

"ரெண்டு."

"நடுவுல சிக்கிக்கிட்டுன்னா யாரக் கூப்பிடுவாங்க?"

"என்னையத்தான்."

"நீரு எங்கன இருப்பீரு?"

"துபாய்ல."

"அப்ப ஒவ்வொரு கூப்பாடும் கடலத் தாண்டில்லா போவணும்! கொண்டுட்டுப் போவும்வே!"

அந்த மனிதர் அடுத்த பஸ்ஸில் பெட்டியோடு ஊர் திரும்பினார்.

என் கதைக்கு வருகிறேன். இன்னும் வயிறு எரிகிறது. என் அப்பா இந்த ஊர்ப் பூ மார்க்கெட்டில் நாற்பது வருஷம் ஏலம் கூவியவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு குரல் போய்விட்டது. நான் ஆபீஸ் போய்விடுவேன். மனைவி பின்கட்டில் தையல் மெஷினோடு இருப்பாள். அப்பாவுக்குப் பகல் முழுக்க டி.வி.யில் வரும் கபடிதான் துணை. அதை அவரே போட்டுப் பார்க்கட்டும் என்று, இருப்பதிலேயே உசத்தியான பெட்டியைக் கேட்டேன். பட்டனே அமுக்க வேண்டாம், ரிமோட்டிடம் பேசினால் போதும் என்று அட்டையில் போட்டிருந்தது.

"யாருக்குவே வாங்குதீரு?"

"வீட்டுக்குத்தான் அண்ணாச்சி."

"வீட்டுக்குக் கண்ணு இருக்காவே? பாக்கது யாரு?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னா யாருமில்லன்னு அர்த்தம். ஞாயித்துக்கெழம வாரேன். பாத்துட்டுச் சொல்லுதேன்."

பெட்டி வாங்கப் போனவனுக்குப் பெண் பார்க்க வருவதுபோல் நாள் குறிக்கிறார்! வந்த ஆத்திரத்தில் அவர் கடை வாசலிலேயே நின்று, அவர் கண்முன்னால், போனில் அதே பெட்டியை ஆர்டர் போட்டேன். புதன்கிழமை வந்தது. நானே மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மனிதர் வந்து நிற்கிறார். "மாட்டியாச்சு அண்ணாச்சி" என்றேன். "மாட்டுனா என்ன? நான் பாக்கத்தான வந்தேன்" என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ரிமோட்டைத் தொடவில்லை. இரண்டு காபி மட்டும் குடித்தார். பாஸ்வேர்டு கேட்க நான் மனைவியைக் கூப்பிட்டால், "ஒண்ணு!" என்று கூரை அதிரக் கத்தினார். சீரியலைக் காணோம் என்று அவள் என்னைக் கூப்பிட்டால், "ரெண்டு!" என் வீட்டில், என் டி.வி. முன்னால், எனக்கே மார்க்! இப்படியே எண்ணிக்கொண்டே போனார். பொறுக்க முடியாமல் நாங்கள் இருவரும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டோம். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, "அண்ணாச்சி, நீங்க கெளம்புங்க" என்றேன்.

எழுந்தார். "ஏழு கூப்பாடு. உம்மது நாலு, வீட்டம்மாவுது மூணு. அப்பாவுது ஒண்ணுகூட இல்ல."

"அவங்களாலதான் பேச முடியாதே!"

"அதத்தாம்வே சொல்லுதேன்." முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது. "நீங்க உள்ள போனதுல இருந்து, டி.வி. 'யாரு பாக்கீக'ன்னு இங்கிலீசுல கேட்டுக்கிட்டு நிக்கி. அவுகளும் அதையேதான் பாத்துக்கிட்டு இருக்காவ. கூப்பிட முடியாத மனுசனுக்குப் பேசுத ரிமோட்ட வாங்கிக் குடுத்திருக்கீரே!"

அப்பாவைப் பார்த்தேன். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். புதன்கிழமையிலிருந்து எத்தனை மத்தியானம் இப்படி உட்கார்ந்திருந்தாரோ. எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று எனக்கே தெரியும்.

மறுநாள் அண்ணாச்சி உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து டி.வி.க்குப் பின்னால் ஒட்டினார். மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினார். டி.வி.யைப் போட்டால் நேரே கபடி. ஒரு கேள்வி கிடையாது. ரிமோட்டில் மூன்றே பெரிய பட்டன்: போட, மாற்ற, சத்தம் கூட்ட.

"கொறைக்கப் பட்டன் எங்க அண்ணாச்சி?"

"நாப்பது வருசம் ஏலம் விட்டவரு. எதுக்குவே கொறைக்கணும்?"

அப்பா தானாகவே பட்டனை அமுக்கினார். கபடி வந்தது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். பின்கட்டிலிருந்து மனைவி பதறி ஓடிவந்தாள். அப்பாவுக்குத் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பு.

அதோடு விட்டாரா இந்த மனிதர்? "பொட்டி எப்படி ஓடுதுன்னு பாக்க வாரேன்" என்று வெள்ளிக்கிழமை தவறாமல் ஆறு மணிக்கு வந்துவிடுகிறார். நான் உட்காருகிற இடத்தில் உட்காருகிறார். ஊரைக் கூட்டுகிற அந்தத் தொண்டை, அப்பா பக்கத்தில் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மணி நேரம் கபடி பார்க்கிறது. சொந்த வீட்டில் எனக்குத் தரைதான். அநியாயம் என்றால் இதுதான்.

போன வெள்ளிக்கிழமை ஏழு மணியாகியும் ஆளைக் காணோம். அப்பா ஆட்டத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை எடுத்தேன். "அண்ணாச்சி, என்ன பொட்டிய மாட்டுனீங்க? கெட்டுப்போச்சு. ஒடனே வாங்க" என்று சத்தம் போட்டேன்.

எனக்குப் பின்னால் கபடிச் சத்தம் வீட்டைத் தூக்கிக்கொண்டிருந்தது. அவருக்குக் கேட்காமலிருக்க வழியே இல்லை.

"இந்தா, கெளம்பிட்டேன்வே" என்றார்.