மின்சிகரெட் ஒழிப்புக் குழுவின் இரண்டாம் கூட்டம்

ஆபத்து வந்த பிறகு விழித்துக்கொள்வது சாதாரண மனிதர்களின் வழக்கம். ஆபத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல், அது என்ன நிறம், எத்தனை நீளம் என்பதுகூடத் தெரியாமல் விழித்துக்கொள்வதற்குத் தனி மேதைமை வேண்டும். அந்த மேதைமை திண்டுக்கல்லில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு வர்த்தகர் சங்கத்தின் மாடி அறையில் ஏசி போட்டுக் குடியிருந்தது.

அந்தச் சங்கம் அமைத்ததுதான் 'மின்சிகரெட் ஒழிப்பு உயர்மட்டக் குழு'. தலைவர் கண்ணுசாமி மூன்று தலைமுறையாகப் புகையிலை மண்டி நடத்துபவர், வாயில் எப்போதும் சுருட்டு இருக்கும். ஆகவே நுரையீரலைப் பற்றிப் பேச ஊரில் அவரை விட்டால் ஆள் இல்லை. செயலாளர் அப்துல் ஹக்கீம் தோல் வியாபாரி. ஒரு சிகரெட்டின் நெருப்பிலேயே அடுத்ததைப் பற்றவைத்து, நாட்டுக்குத் தீக்குச்சி மிச்சம் பிடிப்பவர். உறுப்பினர் சிலுவைமுத்து பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். எளிமை விரும்பி என்பதால் பீடியோடு நிறுத்திக்கொள்வார்.

இவர்களுடைய சிந்தனைகளை எழுத்தில் பிடிக்கும் பொறுப்பு, சங்கத்தில் பதினோரு வருடமாக டைப் அடிக்கும் முஹ்சினாவுக்கு. கூட்டக் குறிப்பை அவள் எழுதுவாள். மூவரும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். அன்றைக்கே ஒரு நகல் கலெக்டர் அலுவலகத்துக்கும், இன்னொன்று பத்திரிகைகளுக்கும் போய்விடும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஊழியரைச் சந்தேகப்படுவதாகும் என்பது தலைவரின் கொள்கை. அத்தனை பெரிய மனசு அவருக்கு.

முதல் கூட்டத்தில் ஒரு சின்னத் தடங்கல். மின்சிகரெட்டை மத்திய அரசு சில வருடங்களுக்கு முன்பே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டதே என்று முஹ்சினா வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"அது அவங்க தடை. நம்ம தடை வேறம்மா" என்றார் தலைவர். அதுவே முதல் தீர்மானம் ஆயிற்று.

இரண்டாவது தீர்மானம், வரையறை. மூவரில் ஒருவரும் மின்சிகரெட்டைப் பார்த்ததில்லை என்பதால் மூளையை மட்டும் வைத்து வரையறுக்க வேண்டியிருந்தது. 'வாயில் வைத்து இழுக்கக்கூடிய, தீக்குச்சி தேவைப்படாத, கைக்கு அடக்கமான கருவி.' தீக்குச்சி தேவைப்படுகிற எதையும் இது தொடவில்லை என்பதில் மூவருக்கும் நிம்மதி.

மூன்றாவது, பிடிபடும் கருவிகளின் பாதுகாப்பு. கோயில் உண்டியலுக்கு எப்படியோ அப்படி: அலுவலக அலமாரிக்கு மூன்று பூட்டு, ஆளுக்கொரு சாவி, ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்து மூவரும் கூடினால்தான் திறப்பு. பழனியில் உண்டியல் எண்ணுவதைத் தலைவர் நேரில் பார்த்திருக்கிறார். பூட்டு மூன்றும் உள்ளூர்த் தயாரிப்பு, ஒவ்வொன்றும் அரைக் கிலோ.

இரண்டாம் கூட்டம் ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூடியது. ஏசி வீணாகக் கூடாது என்று சன்னல்கள் சாத்தப்பட்டன. 'புகை பிடிக்காதீர்' பலகைக்குக் கீழே வெளிச்சம் நன்றாக இருக்கும் என்பதால் சாம்பல் கிண்ணத்தை அங்கே வைத்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் பலகை கண்ணுக்குத் தெரியவில்லை.

முஹ்சினாவுக்கு நெஞ்சு இறுகியது. சுவர்ப் பக்கம் திரும்பி, கைப்பையிலிருந்து நீல நிற இன்ஹேலரை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். ஹக்கீம் பார்த்துவிட்டார்.

"என்னம்மா அது?"

"இன்ஹேலர்ணே. வீசிங்குக்கு டாக்டர் குடுத்தது."

"வாயில வச்சு இழுத்தியே."

"ஆமாண்ணே."

"தீக்குச்சி?"

"இதுக்கு எதுக்குண்ணே தீக்குச்சி?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வரையறை அச்சு அசலாகப் பொருந்தியது.

சிலுவைமுத்து மட்டும் தயங்கினார். "பாத்தா மருந்து மாதிரித்தான் தெரியுது தலைவரே."

"அங்கதான்யா இருக்கு சூது. பாத்தா தெரியாத மாதிரித்தான் செய்றானாம், வாட்ஸ்அப்புல வந்துச்சே. இதப் பாத்தா மின்சிகரெட்டுன்னு தெரியுதா?"

"தெரியல."

"அப்ப அதேதான்."

இந்த வாதத்தை முறியடிக்கும் வக்கீல் இன்னும் பிறக்கவில்லை. டாக்டர் சீட்டு வீட்டில் இருக்கிறது என்று முஹ்சினா சொன்னதை, கூட்டத்துக்கு வராத சீட்டைக் குழு கணக்கில் எடுக்க முடியாது என்று தள்ளினார்கள். இன்ஹேலர் அலமாரிக்குள் போனது. மூன்று பூட்டும் விழுந்தன. 'பறிமுதல்: ஒன்று. நிறம்: நீலம்' என்று அவளே எழுத வேண்டியிருந்தது. முதல் வெற்றியைக் கொண்டாட மூவரும் ஆளுக்கொன்று பற்றவைத்தார்கள்.

பிறகு விவாதம் சூடுபிடித்தது.

"வெளிநாட்டுல சில டாக்டருங்க, சிகரெட்ட விட இதுல கேடு கம்மிங்கிறாங்களாமே" என்றார் ஹக்கீம்.

"யாருக்குக் கம்மி? நம்ம மண்டிக்கு இதாலதான பெரிய கேடு" என்றார் தலைவர்.

"கேடு எம்புட்டுன்னு இன்னும் முழுசாத் தெரியலைன்னும் சொல்றாங்க" என்றார் சிலுவைமுத்து.

"கேட்டுக்கங்க பாய். நம்மளது அப்டியா? எம்புட்டுக் கேடுன்னு பாக்கெட்டு மேலயே படம் போட்டு விக்கிறோம். அந்த நேர்மை இந்தப் பயலுகளுக்கு வருமா?"

அடுத்து, இளைய தலைமுறையின் நுரையீரலைப் பற்றித் தலைவர் எழுந்து நின்று பேசினார். குரல் தழுதழுத்தது. நடுவில் எங்கிருந்தோ விசில் மாதிரி ஒரு சத்தம் வந்து அவரைத் தொந்தரவு செய்தது. முஹ்சினாவின் நெஞ்சுதான்.

"அண்ணே... முடியல. அத எடுத்துக் குடுங்க."

"செத்த நேரம் சத்தம் போடாம இரு தாயி. நுரையீரலப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்ல."

சிலுவைமுத்து தன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "புள்ளைக்கு முகமே மாறுது. தொறந்துருவோம் தலைவரே."

"ஏழு நாள் நோட்டீஸ் இல்லாம எப்டித் தொறக்க?" என்றார் ஹக்கீம். "அடுத்த வியாழக்கிழமை வச்சுக்குவமா?"

"அன்னைக்குச் சாணார்பட்டியில கல்யாணம்" என்றார் தலைவர்.

"வெள்ளிக்கிழமை எனக்கு ஜும்மா இருக்கு."

"அப்ப சனிக்கிழமை. நீ எழுதிக்கம்மா."

அவள் எழுதவில்லை. பேனா பிடிக்கிற விரல் மரத்துப்போயிருந்தது. கீழே மருந்துக் கடை இருக்கிறது, ஆனால் இருபத்திரண்டு படி இறங்க மூச்சு வேண்டும். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் ஷமாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. முதலில் பயம் வந்தது. கோபம் அதற்கப்புறம்தான் வந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டே அலமாரிக்குப் பின்னால் போனாள். முன்பக்கப் பூட்டுகளை யானை வந்தாலும் அசைக்க முடியாது. பின்பக்கப் பலகையைக் கறையான் எப்போதோ தின்று முடித்திருந்தது. அவள் அடுக்கி வைக்கிற கோப்புகள் பின்னால் விழுவதும், பலகையை மாற்றச் சொல்லி அவள் கேட்பதும் பதினோரு வருடக் கதை. ஒரு தள்ளுத் தள்ளினாள். பலகை அப்பளமாக நொறுங்கியது. கையை விட்டு எடுத்து, தரையிலேயே உட்கார்ந்து, இரண்டு இழுப்பு இழுத்தாள். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

குழு பதறி எழுந்து ஓடியது, அலமாரியின் முன்பக்கத்துக்கு. தலைவர் மூன்று பூட்டையும் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"மூணும் அப்டியே இருக்கு. நம்ம ஏற்பாட்டுல ஒரு கொறையும் இல்ல" என்றார். மூவருக்கும் போன உயிர் வந்தது.

சரியாக ஒரு மணிக்குக் கூட்டம் முடிந்தது.

"குறிப்ப எழுதிட்டியாம்மா? பத்திரிகைக்காரங்க கேப்பாங்க."

"எழுதிட்டேன்ணே. நகலும் எடுத்துட்டேன்."

மூவரும் வழக்கமான பெருந்தன்மையோடு, ஒரு எழுத்தும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். முஹ்சினா உறைகளை ஒட்டி, இருபத்திரண்டு படியையும் நிதானமாக இறங்கி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். குறிப்பு இதுதான்:

'குழுவின் இரண்டாம் கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. சன்னல்கள் சாத்தப்பட்டிருந்தன. குழுவினர் புகைத்தவை: சிகரெட் பதினான்கு, பீடி ஒன்பது, சுருட்டு இரண்டு. பிடிபட்ட மின்சிகரெட்: இல்லை. பறிமுதல் செய்து மூன்று பூட்டுப் போட்டுப் பூட்டியது: இதை எழுதுபவளின் மூச்சு. அவள் கேட்டும் திறப்பதில்லை எனத் தலைவரும் செயலாளரும் முடிவு செய்தார்கள். மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதியளித்து, மூவரும் கீழே கையொப்பமிடுகிறோம்.'