டிகாஷனில் ஊறிய கை சாக்ஸ்

வல்லம் வடகால்,
செவ்வாய்க்கிழமை.

குன்றத்தூரில் குடியிருக்கும் மதிப்பிற்குரிய மைத்துனர் கோபால் அவர்களுக்கு, தங்கள் அக்காள் கங்கம்மாளின் கணவர் முனிரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பமும் சௌக்கியமாக இருக்க மலைமேல் முருகன் துணை. இங்கு நான் முழு சௌக்கியம். தங்கள் அக்காள் முக்கால் சௌக்கியம். மிச்சமுள்ள கால் பாகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அஞ்சாங்கிளாஸ் தமிழ் இதோட தீந்துபோச்சு மச்சான், இனிமே வாய்ல வர்றதைத்தான் எழுதுவேன். போன் பண்ணலாமேன்னு கேப்ப. எனக்கு காது மந்தம், கத்தித்தான் பேசணும், நம்ம வூடு இருக்கற சைசுக்கு அது உங்கக்கா காதுலதான் மொதல்ல விழும். அதான் நம்ம கடைக்கு டீ குடிக்க வர்ற மெர்சி கையில இத குடுத்தனுப்பறேன். கம்பெனில லைன்ல வேல செய்யுதே அந்தப் பொண்ணு, உங்களுக்குப் பக்கத்துத் தெரு. படிச்சிட்டு கிழிச்சிடு.

மார்ல ஆபரேஷன், அப்புறம் கீமோ, அப்புறம் கரண்டு வெச்சது, எல்லாம் முடிஞ்சு பதினாலு மாசம் ஆச்சு. டாக்டரு 'நல்லாயிருக்கீங்க'ன்னுட்டாரு. நல்லாதான் கீறா. ஆனா எடது அக்குள்ள இருந்த நெறியெல்லாம் எடுத்துட்டாங்களாம், அதனால கையில தண்ணி எறங்க வழியில்லாம, ஒரகடம் ஜங்ஷன்ல கண்டெய்னர் லாரி நிக்கற மாதிரி நின்னுடுது. சாயங்காலமானா கை சொரக்காயா வீங்கிடுது. அந்தக் கையில வெயிட்டு தூக்கக்கூடாது, ஊசி போடக்கூடாது, பிரஷர் பாக்கக்கூடாது, அனல் படக்கூடாது. அந்தக் கைக்குக் கெடைக்கற மரியாத எனக்கு இந்த வூட்டுல நாப்பது வருஷத்துல கெடச்சதில்ல. வெரல் நுனி மரத்துப்போய், டீ கிளாஸ் சுடுதா இல்லியான்னு தெரியல. அஞ்சு வருஷத்துக்கு தெனம் ஒரு மாத்திர வேற, அது திடீர் திடீர்னு உடம்ப கொதிக்க வெக்குது. மார்கழில ஃபேன் போட்டுக்கினு உக்காந்திருந்தா. 'இன்னாடி, உள்ள பாய்லரு வெச்சிட்டாங்களா, கடைக்கு கேஸ் மிச்சம்'னேன். முன்னெல்லாம் இதுக்கு வடிகட்டி பறந்து வரும். ஒண்ணும் வரல. புடவ மாத்தறப்ப கதவ சாத்திக்கிறா மச்சான். ஒரே ரூம்ல இத்தினி வருஷம் குடும்பம் நடத்தினவ. நான் வெளிய நின்னு, 'உள்ள யாரு, புதுப்பொண்ணா?'ன்னு தட்டினேன். பதிலில்ல.

கடைன்னா அது அவதான், நான் சும்மா போர்டுன்னு உனக்குத் தெரியும். ரெண்டு மணி ஷிப்டுக்கு நாப்பது பேரு ஒண்ணா வந்து நிப்பான். எவனுக்கு ஸ்ட்ராங்கு, எவனுக்கு சக்கர கம்மின்னு எல்லாம் மனசுலயே வெச்சிகினு ஊத்துவா. 'வாடா ஓ.டி., இன்னிக்கும் வூட்ட மறந்துட்டியா'ன்னு அவ குடுக்கற குரலுக்கே பாதிப்பேரு வருவான். வைத்தியம் முடிஞ்ச ஜோர்ல ஒரு நாள் ஆசையா வந்து நின்னா. மூணு பேருக்கு மாத்தி ஊத்திட்டா. மருந்து பண்ற மறதியாம் அது. நாலாவதா நின்ன சூப்பர்வைசரு, 'இன்னா கங்கம்மா, மெமரி ஃபுல்லா?'ன்னான். அவன் மேல தப்பில்ல, சின்னப் பையன். நானும் கூட சேந்து சிரிச்சிட்டேன் பாரு, அதான் தப்பு. கிளாஸ கீழ வெச்சிட்டுப் போனவதான், கடைப் பக்கமே வரல. அவ நிக்கற எடத்துல இப்ப காலி சிலிண்டர் நிக்குது. பழக்கதோஷத்துல அந்தப் பக்கம் திரும்பி 'இவனுக்கு சக்கர எவ்ளோ'ன்னு சிலிண்டர கேக்கறேன். கூட்டமும் கொறஞ்சிபோச்சி. கம்பெனில ஆள கொறச்சிட்டானுங்க போல.

போன மாசம் நர்சம்மா கைக்கு ஒரு சாக்ஸு குடுத்துச்சு. மணிக்கட்டுலேருந்து தோள் வரைக்கும் இறுக்கிப் புடிக்கும், வீக்கம் ஏறாது. அட்டையில 'தோல் கலர்'னு போட்டிருந்துச்சு, யாரு தோல்னு போடல. மாட்டிக்கினா ஒரு கை கங்கம்மா, ஒரு கை வெளிநாட்டுக்காரி. நான் வாய வெச்சிகினு சும்மா இல்லாம, 'மேடம், கம்பெனி பாக்க வந்தீங்களா'ன்னுட்டேன். சிரிக்கல. தெருக்குழாய்க்குப் போறதுன்னாகூட அத கயட்டி வெச்சிட்டுத்தான் போறா. கை வீங்குது.

அப்பதான் இந்த பாழாப்போன யோசன வந்துச்சு. என் வேட்டி ஒண்ணுல உங்கக்கா போட்ட டீ கொட்டி ஏழு வருஷம் ஆச்சு, கற இன்னும் போவல. சாக்ஸையும் டிகாஷன்ல போட்டா அவ கலருக்கு வந்துடும், மாட்டிக்கினு கடைக்கு வருவா, நான் சிலிண்டர அந்தாண்ட தள்ளிடுவேன். போன ஞாயித்துக்கெழம அவ கோயிலுக்குப் போன நேரம், தனி குண்டான்ல நம்ம கடை டிகாஷன ஊத்தி, சாக்ஸப் போட்டு, ஒரு மணி நேரம் கொதிக்க வெச்சேன். எடுத்தா கலரே ஏறல, மஞ்சக்காமால வந்த மாதிரி லேசா ஒரு மஞ்சள். இழுவையும் போய், தொளதொளன்னு ரெண்டு கங்கம்மா நொழையற மாதிரி ஆயிடுச்சு.

வந்து பாத்தா. நான் தலையக் குனிஞ்சிகினு, மந்தமான காத தீட்டி வெச்சிகினு நின்னேன். ஒரு வார்த்த திட்டல மச்சான். நர்சம்மா சொல்லிக்குடுத்த மாதிரி கட்டுத்துணிய எடுத்து கையில சுத்திகினு, 'போவுது வுடு'ன்னுட்டு படுத்துட்டா. எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல.

ஒரே ஒரு ஒத்தாச செய். ஞாயித்துக்கெழம கெளம்பி வா. நர்சம்மா அளவு எழுதின சீட்டு இதுலயே கீது, புது சாக்ஸு வாங்கியா. அதவிட முக்கியம், வந்து அவள கெளப்பி வுடு. சின்ன வயசுல நீ அவ ரிப்பன பட்டத்துக்கு வாலா கட்டி வுட்டு, அவ உன்ன தெருத்தெருவா தொரத்தினாளாமே, அந்த மாதிரி ஏதாச்சும் பண்ணு. கோவம் மட்டும் வந்துடட்டும், நான் குறுக்க வந்து நின்னுக்கறேன். அவ வாயால ஒரு 'யோவ்' கேட்டு எத்தினி நாளாச்சு.

தங்கள் துணைவியாருக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் எல்லாப் பல்லோடும் நூறு வயது வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அக்காளிடம் திட்டு வாங்கக் காத்திருக்கும்
முனிரத்தினம்

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை: மெர்சி மூணு நாளா லீவு, இன்னிக்குத்தான் வந்துச்சு. லெட்டரு சட்டப் பையிலயே இருந்துச்சு. நேத்து துவைக்கப் போட்டப்ப உங்கக்கா பையத் தொழாவி, ஒரு வரி வுடாம படிச்சிட்டா. அப்புறம் அந்த சாக்ஸ எடுத்து வெளிச்சத்துல புடிச்சிப் பாத்தா.

"எவ்ளோ நேரம் கொதிக்க வெச்சே?"

"ஒரு மணி நேரம்."

"நம்ம கடை டிகாஷன்லயா?"

"ஆமா."

"ஒரு மணி நேரம் கொதிச்சும் துணியில ஒட்டல. யோவ்! இதையாய்யா என் கடையில ஊத்திக்கினு கீற? ஒரு தூள எத்தினி தரம் போடற?"

"ரெண்டு... மூணு."

"கம்பெனில ஆள கொறச்சிட்டானாம்! இந்தத் தண்ணிக்கு எவன்யா வருவான்?"

கட்டு சுத்தின கையோட கெளம்பிட்டா மச்சான். ரெண்டு மணி கூட்டத்துக்கு நடுவுல நின்னுகினு, தெருக்குழாய்க்குக்கூட மாட்டாத அந்த சாக்ஸ தலைக்கு மேல தூக்கிப் புடிச்சி, "பாருங்கடா, இதான் இந்தாளு போட்ட டீ"ன்னா. அடுப்பாண்ட வரக்கூடாது இல்ல, அதனால சிலிண்டர தள்ளச் சொல்லி, ஸ்டூலப் போட்டு உக்காந்துகினு என்ன வேல வாங்கறா. அந்த சூப்பர்வைசரு பயந்துகினே வந்து நின்னான். "உன் டீ மறந்துபோச்சுடா, சொல்லு. நாளைக்கும் மறந்துடுவேன், நாளைக்கும் சொல்லு"ன்னா. இந்த தரம் நான் சிரிக்கல. அதுக்கும் திட்டு விழுந்துச்சு: "இன்னாயா உம்முனு நிக்கற?"

அதனால நீ ஞாயித்துக்கெழம வராத. சாக்ஸ மட்டும் மெர்சிகிட்ட குடுத்தனுப்பு, எந்தக் கலரா இருந்தாலும் சரியாம். நீ வந்தா தம்பின்னு சிரிச்சிப் பேசுவா, திட்டறது நின்னுடும். ஒரு மாசம் போவட்டும், நான் இன்னும் வயிறு நெறைய வாங்கல.

கதவ இன்னும் சாத்திக்கினுதான் புடவ மாத்தறா. இன்னிக்கும் தட்டிப் பாத்தேன். "புதுப்பொண்ணுதான், போய் கிளாஸ் கழுவுய்யா"ன்னு உள்ளேருந்து குரல் வந்துச்சு.