மனை விற்கப் போன பட்டாளத்தான்

"எல்லையைக் காத்தவன் இனி எல்லைக்கல் நடுவான்!"

கண்ணாடி முன்னால் நின்று இந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். மீசை துடித்தது. உடம்பெல்லாம் மின்சாரம் பாய்ந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அதுவும் வீடு, மனை வாங்கி விற்றுக் கொடுக்கும் அலுவலகத்தில்!

"ஏங்க, யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

"எதிர்காலத்துகிட்ட!"

"அது வரும்போது அப்படியே பால் வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சும்மா இருந்த நாட்களில் நான் பட்ட பாட்டைவிட வீடு பட்ட பாடு பெரிது. டம்ளர்களை உயர வரிசைப்படி நிற்க வைத்தேன். செருப்புகளை அணிவகுக்க விட்டேன். காலையில் விசில் அடித்து அவளை எழுப்பினேன். ஒரு நாள் விசிலைக் காணோம். எங்கே என்று கேட்டேன். "எதிரி கைப்பற்றிட்டான்" என்றாள். அதற்குப் பிறகு விசில் திரும்பவே இல்லை.

இந்த வேலையைப் பற்றிச் சொன்னதும் அவள்தான்.

"வீடு விக்கிற ஆபீஸ்ல ஆள் தேடறாங்களாம். நடக்கத் தெரியணும், பேசத் தெரியணும், கதவு திறக்கத் தெரியணும். உங்களுக்கு ரெண்டு தெரியும்."

"எந்த ரெண்டு?"

"நடக்கிறதும் கதவு திறக்கிறதும்."

அலுவலகத்தின் முதலாளி ஓர் அம்மாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, சாவிக்கொத்துகளைக் கழுத்தில் மாட்டியிருப்பார். அவர் நடந்து வந்தால் குதிரை வண்டி வருகிற மாதிரி ஒரு ஜல் ஜல். என்னை மேலும் கீழும் பார்த்தார். உடனே சேர்த்துக்கொண்டார். ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. நம் தோற்றம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்த முதல் இரை ஒரு தையற்காரரும் அவர் மனைவியும். ஒரு மாடி வீட்டைக் காட்டினேன். ஜன்னல் பக்கம் அழைத்துப் போனேன்.

"பாருங்க! எப்பேர்ப்பட்ட ஜன்னல்! இங்க குப்புறப் படுத்தா, தெருவுல யார் வந்தாலும் குறி தப்பாது!"

தையற்காரர் எச்சிலை விழுங்கினார். "யாரைங்க குறி வைக்கணும்?"

"யாரையும் வைக்க வேணாம். வைக்கலாம்னு சொல்றேன். அந்த வசதி வேற எந்த வீட்ல கிடைக்கும்? இந்தப் பரணைப் பாருங்க. நாளைக்கே முற்றுகை வந்தா, மூட்டையெல்லாம் மேல ஏத்திட்டு மாசக்கணக்கா தாக்குப் பிடிக்கலாம்!"

பரணிலிருந்து தலையைத் திருப்பினால் இருவரையும் காணோம். தெருமுனையில் போய்க்கொண்டிருந்தார்கள். கிணற்றைக் காட்டவில்லையே என்று நானும் பின்னாலேயே ஓடினேன். அதைப் பார்த்து அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சார், தரகு வேலைக்கு வந்துட்டு தகராறு வேலை பாக்குறீங்க. வீட்ல யாரையாவது வாடிக்கையாளரா நிக்க வெச்சு, பேசிப் பழகுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மெல்லச் சொன்னேன். "மனையை விக்கறதுக்கு முன்னாடி மனைவிகிட்ட பழகிக்கணுமாம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "சரி. நான் வீடு பாக்க வந்த மேடம். நீங்க ஆபீஸ் சார். ஆனா இங்க வேணாம். நிஜமான காலி வீட்ல பேசினாத்தான் நாக்கு வளையும். பூங்காவுக்குப் பின்னால ஒரு வீடு காலியா இருக்காமே, அந்தச் சாவிய வாங்கிட்டு வாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வாசல்ல பலகை தொங்குதே. பட்டாளத்துக்காரர் கண்ணுக்குப் படலையா?"

மானப் பிரச்சினை. சாவியோடு மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். புதுச் சுண்ணாம்பு வாசனை. தரை கண்ணாடி மாதிரி இருந்தது. பேசினால் குரல் நான்கு சுவரிலும் மோதித் திரும்பி வந்து கம்பீரமாக ஒலித்தது. எனக்கே என்னைப் பிடித்துவிட்டது. வாசலில் கைப்பையும் நல்ல செருப்புமாக ஓர் அம்மாள். என் மனைவிதான். என்னை முன்பின் பார்த்திராதவள்போல, "வணக்கம் சார்" என்றாள்.

"வாங்க மேடம்! இப்ப எங்க குடியிருக்கீங்க?"

"தண்டவாளத்துக்குப் பக்கத்துல சார். ரயில் போனா எங்க வீட்டுத் தட்டெல்லாம் தானா நடக்கும்."

"அடப் பாவமே! யாரு மேடம் அந்த வீட்டை வாங்கினது?"

"எங்க வீட்டுக்காரர். போன்லயே பேசி முடிச்சிட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கல."

எனக்கு நடிப்பு சூடு பிடித்துவிட்டது. "கேக்கலையா? என்ன மனுஷன் மேடம் அவர்!"

"பட்டாளத்துல இருந்தவரு சார்."

"இருந்துட்டுப் போகட்டுமே! எடத்தைப் பாக்காம எந்தப் பட்டாளத்தான் கூடாரம் அடிப்பான்? இந்த மாதிரி ஆளோட எப்படித்தான் குடித்தனம் பண்றீங்களோ!"

"அதான் சார் எனக்கும் தெரியல" என்றாள் மேடம்.

பிறகு அவள் சமையலறைக்குள் போனாள். ஜன்னலைத் திறந்தாள். வெளியே ஒரு மரம் நிறைய வெளிச்சம். ஜன்னலுக்குக் கீழே இருந்த சுவரை உள்ளங்கையால் தடவினாள்.

"கல்யாணம் ஆனதுல இருந்து அவர் ஓய்வு வாங்கற வரைக்கும் பட்டாளத்துக் குவார்ட்டர்ஸ்தான் சார். எந்த ஊருக்குப் போனாலும், முன்னாடி இருந்தவங்க அடிச்ச ஆணியிலதான் என் பை தொங்கும். நானா ஒரு எடத்தைக் காட்டி, இங்க ஒரு ஆணி அடிங்கன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல."

இது நடிப்பா நிஜமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்த ஜன்னல் வெளிச்சத்தில் அவள் முகம் புதிதாக இருந்தது. வீடு விற்பது என்றால் கதவைத் திறப்பது இல்லை. உள்ளே வந்தவர் எந்த இடத்தில் போய் நின்றுவிடுகிறார் என்று பார்ப்பது. அடடா, இது அல்லவா வேலை! இத்தனை வருஷம் இதை விட்டுவிட்டுத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேனே!

"மேடம், இந்த வீடு உங்களுக்குன்னே கட்டினது!" என்று கத்தினேன். நான்கு சுவரும் ஆமாம் என்றன.

"வேணாம் சார். எங்க வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டாரு. இனிமே வீடு மாத்துற பேச்சே எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"உத்தரவா? அந்த ஆளை என்கிட்ட விடுங்க!"

"முரடரு சார்."

"நான் அவரைவிட முரடன்!"

"பிடிச்ச பிடிய விட மாட்டாரு."

"பிடிவாதத்துல நான் அவனுக்கு அப்பன்! மண்டையில தட்டிச் சம்மதிக்க வைக்கிறேன்."

"வாக்குக் குடுப்பீங்களா சார்?"

"பட்டாளத்தான் வாக்கு! இந்த வீடு உங்களுக்குத்தான்!"

பின்னால் கைதட்டல் கேட்டது. கூடவே ஜல் ஜல். வாசற்படியில் முதலாளியம்மா.

"பிரமாதம் சார்! முதல் வியாபாரத்தை முடிச்சிட்டீங்க!"

"எந்த வியாபாரம்?"

"அதான் வாக்குக் குடுத்துட்டீங்களே! நீங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே உங்க வீட்டம்மா இந்த வீட்டைப் பாத்து வெச்சிட்டாங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட யாராலயும் பேசி ஜெயிக்க முடியாதுன்னு வருத்தப்பட்டாங்க. அப்ப அவரையே இங்க வேலைக்கு அனுப்புங்க, அவர்கிட்ட அவரே பேசிக்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

முன்னால் முதலாளியம்மா. பின்னால் மனைவி. நடுவில் நான். இப்படி ஒரு சுற்றி வளைப்பை எந்தப் போர்முனையிலும் பார்த்ததில்லை. ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: உள்ளுக்குள் துள்ளலாக இருந்தது. விற்றுவிட்டேனே! என் பேச்சுக்கு ஒரு வீடு விலை போயிருக்கிறதே!

இருந்தாலும் பட்டாளத்தான் அவ்வளவு சுலபத்தில் சரணடைவானா? ஒரு வழி மிச்சம் இருந்தது. மீசையைத் தடவிக்கொண்டேன்.

"ரொம்ப சந்தோஷம். வாக்குன்னா வாக்குதான். ஆனா இருக்கற வீட்டை வித்தாத்தானே இதை வாங்க முடியும்? தட்டு நடக்கற வீட்டை எந்த மடையன் வாங்குவான்?"

மனைவி கைப்பையை டப்பென்று மூடினாள்.

"அது நேத்தே பேசி முடிச்சாச்சுங்க. ரயில் ஓட்டி ஓய்வு வாங்கினவர் ஒருத்தர். அந்தச் சத்தம் இல்லாம அவருக்குத் தூக்கமே வரலையாம். நம்ம நாற்காலியில உக்காந்தாரு, ஒரு ரயில் போச்சு, குறட்டை விட ஆரம்பிச்சிட்டாரு. எழுப்பித்தான் அனுப்பினேன்."

"நேத்தா? நான் எங்க இருந்தேன்?"

"உங்களைக் கடைக்கு அனுப்பிட்டுத்தான் அவரை வரவே சொன்னேன். நீங்க கூட இருந்திருந்தா அந்த வீடு வித்திருக்குமா?"