மாஞ்சோலை மாமாவின் ஆகாய ஏற்றம்

வானத்தில் மேடு பள்ளம் உண்டு என்று நம்புகிற ஒரே மனிதர் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். மாஞ்சோலை மலைக்கு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஊருக்கே மாஞ்சோலை மாமா.

பால் வாங்கப் போனாலும் தெருமுனையில் நின்று, வாயாலேயே ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்புவார். எதிரே ஆள் வந்தால் சுவரோரம் ஒதுங்குவார். "ஏறுத வண்டிக்குத்தான் மொத வழி!" தெருவோ தோசைக்கல் மாதிரி சமதளம்.

"மலைய விட்டு வந்தும் இவுக இன்னும் இறங்கல" என்பார் அவர் மனைவி, எங்கள் அத்தை.

துபாயில் இருக்கும் என் கணவர் மகளைப் போனில் மட்டுமே பார்த்திருந்தார். நானோ கைக்குழந்தையோடு தனியாகப் போகப் பயந்து, அழுதால் என்ன செய்வது, காது அடைத்தால் என்ன செய்வது என்று இரண்டு முறை தேதியை மாற்றவைத்திருந்தேன். மறுபடியும் மாற்றச் சொல்லலாமா என்று டிக்கெட்டும் கையுமாக வாசலில் நின்றபோது, மாமா வாங்கிப் பார்த்தார்.

"திருவனந்தபுரத்துல ஒம்பதுக்கு எடுக்கான், பன்னெண்டுக்கு துபாய். மூணு மணி நேரம். வாறதுக்கு மட்டும் அஞ்சரையா?"

"இல்ல மாமா, போறதுக்கு நாலரை. அங்க கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால..."

"கடிகாரத்த விடு தாயி. போவும்போது இறக்கம், வரும்போது ஏத்தம். மாஞ்சோலையிலயும் இதே கணக்குதான்."

"வானத்துல ஏது மாமா ஏத்தம்?"

"நீ ஓட்டிப் பாத்திருக்கியா?"

"இவுக ஓட்டிப் பாத்தாகளாம்!" உள்ளேயிருந்து அத்தை.

மாமா காதில் வாங்கவில்லை. "இறக்கத்துல பிள்ளைக தூங்கிரும். பயப்படாமப் போ. ஒண்ணே ஒண்ணு, வண்டி நின்னதும் சக்கரத்துக்குக் கல்லு போட்டானான்னு பாரு. அதுவரைக்கும் எந்திரிக்காத."

மலையில் அவர் வண்டி நின்றால், சக்கரத்துக்குக் கல் வைக்காமல் கலெக்டரே ஆனாலும் இறங்க முடியாதாம்.

டாக்டரையும் தோழிகளையும் கேட்டிருந்தேன். எல்லாரும் 'ஜாக்கிரதை' என்றார்கள். 'பயப்படாமல் போ' என்றவர் இவர் ஒருவர்தான். தேதியை மாற்றவில்லை.

கிளம்பும்போது ஒரு எலுமிச்சம்பழம் தந்து, காருக்கு முன்னால் தெருமுனை வரை ஹாரன் அடித்தபடியே ஓடினார்.

துபாய் வரைக்கும், மாமாவின் இறக்கம் முழுக்க, என் மகள் அழுதாள். எலுமிச்சம்பழத்தை உருட்டி விளையாடக் கொடுத்தபோதுதான் கொஞ்சம் அடங்கினாள். விமானம் நின்றதும் எல்லோரும் அடித்துப்பிடித்து எழுந்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே ஒருவர் இரண்டு கட்டைகளைத் தூக்கிக்கொண்டு சக்கரப் பக்கம் குனிந்து போனார். அவர் நிமிர்ந்து வெளியே வந்தபோது கை காலி.

"கல்லு போட்டாச்சு மாமா" என்றேன், வாய்விட்டே. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் எழுந்தேன்.

அடுத்த மாதம் மூவரும் ஊருக்கு வருகிறோம். கடிகாரக் கணக்கு எனக்குத் தெரியும்தான். ஆனாலும் டிக்கெட்டைப் பார்த்து, "இவ்வளவு நேரமா?" என்று கேட்ட கணவரிடம் சொன்னேன்:

"ஏத்தம்லா. பையத்தான் போவும்."