கரண்ட் அண்ணாச்சி வாங்கிய அலை

தூத்துக்குடியில் மின்சாரத்தோடு பேசத் தெரிந்த ஒரே மனிதர் கரண்ட் அண்ணாச்சிதான். மின்சாரம் பதில் பேசியதா என்று கேட்காதீர்கள். அவருடைய இடது புருவம் பாதிதான் இருக்கும். மில்லர்புரத்தில் வீட்டு முன்னறைதான் அவருடைய ரிப்பேர் கடை. எரிந்துபோன மோட்டாரை ஏரலிலிருந்துகூட சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்கள். எழுபதுகளில் நான் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். வேலை முடிந்தால் என் கால் தானாக அங்கே போய்விடும்.

அண்ணாச்சியின் மாமனார் ஒரு தண்டல். காலமெல்லாம் கொழும்புக்குப் பாய்மரத் தோணி ஓட்டியவர், இடுப்பெலும்பு முறிந்து மகள் வீட்டில் படுத்துவிட்டார். வலியைக்கூடத் தாங்கிக்கொண்டார், தூக்கம்தான் வரவில்லை. ஆடாத இடத்தில் அவர் எப்போது தூங்கியிருக்கிறார்? கண் சிவந்து, ஆள் பாதியாகிவிட்டார். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி விடுவாரா? ஒரு கட்டிலை உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டார். உப்பளத்துப் பம்பில் கழற்றிய மோட்டாரை அதில் பூட்டினார். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு தைரிஸ்டர் சர்க்யூட்டும் செய்தார். வெள்ளோட்டத்துக்கு ஓர் உப்பு மூட்டையை ஏற்றி ஸ்விட்சைப் போட்டதும், கட்டில் ஒரு துள்ளு துள்ளியது. மூட்டை வாசலில் போய் விழுந்தது.

அதே முன்னறையில் பாயில் படுத்திருந்த தண்டல் நிதானமாகச் சொன்னார்: "கச்சான் காத்துலகூட என் தோணி இப்படிக் குதிச்சதில்ல மாப்ளே. முதல்ல நீங்க ஏறிப் படுங்க."

அண்ணாச்சி என்னைத் தனியே இழுத்துப் போனார். "கரண்ட் வெட்டி வெட்டிப் போவுது தம்பி. எப்படிப் போவுதுன்னு கண்ணால பாத்தாத்தான் சரி பண்ண முடியும். ஸ்கோப் ஒண்ணு வாங்கணும்."

ஆஸிலாஸ்கோப் என்பது மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் பெட்டி. கடற்கரைச் சாலையில் பழைய கப்பல் சாமான் விற்கும் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று சின்னது, புதுசு, ஒரே கோடு வரையும். மற்றது கப்பலிலிருந்து இறக்கியது, மீன் பெட்டி அளவு, இரண்டு கோடு வரையும்.

"சின்னது ரொம்ப வேகமான சிக்னலையெல்லாம் பிடிக்கும். அது நமக்கெதுக்கு? மோட்டார் நிதானமான ஆளுல்லா. ஒரு கோட்டுல வோல்ட், இன்னொண்ணுல கரண்ட், ரெண்டையும் சேத்துப் பாக்கணும். பெரிசையே எடுங்க அண்ணாச்சி. ஆனா போட்டுப் பாத்துட்டு எடுங்க" என்றேன்.

அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது. அவருடைய தாத்தா முத்துக்குளிப்புக் காலத்தில் சிப்பிக் குவியலை ஏலம் எடுத்தவர். "சிப்பியத் தொறந்து பாத்துட்டா ஏலம் கேப்பாவ? எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கெடயாது தம்பி."

கடைக்காரர் அந்தக் குடும்பப் பெருமையை மனமாரப் பாராட்டிவிட்டு, பெட்டியை அவசரமாக ரிக்‌ஷாவில் ஏற்றினார்.

மத்தியானம். திரை நன்றாகத் தெரிவதற்காக முன்னறை ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரில் ஸ்கோப்பின் கம்பியை மாட்டினோம். திரையில் அழகான அலை வந்தது. ஆனால் நிற்கவில்லை. நல்ல ஸ்கோப்பில் அலை போட்டோ மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் கோளாறு தெரியும். இதில் எந்தக் குமிழைத் திருகினாலும் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தன.

"ஏமாந்துட்டேன் தம்பி. மாமாவுக்கு என்ன சொல்லுவேன்?" அண்ணாச்சியின் குரல் உடைந்தது.

அந்த அரையிருட்டில் திரையின் பச்சை வெளிச்சம் தண்டலின் முகத்தில் விழுந்தது. அவர் தலையைத் திருப்பி அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அறையே மெல்ல மிதப்பதுபோல் எனக்கும் தோன்றியது.

"நல்ல காத்து மாப்ளே... பாய இறக்காதிய..." என்றார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

அண்ணாச்சியின் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். "அப்பா தூங்குதாவ!" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் பெட்டியைக் குடைந்து கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு சின்னக் கண்டென்சர்தான். "அரை மணி நேர வேலை அண்ணாச்சி. மாத்திட்டா அலை அசையாம நின்னுரும்" என்று கையை உள்ளே நீட்டினேன்.

அண்ணாச்சி பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "கைய எடுங்க தம்பி! அலை நின்னுட்டா மாமா முழிச்சிருவாவ."

அந்த ஸ்கோப் கடைசிவரை ஒரு மோட்டாரைக்கூடப் பார்க்கவில்லை. எத்தனையோ எஞ்சினியர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். கண்ணெதிரே இருந்த பழுதைச் சரிசெய்ய விடாத அந்த மனிதரைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.